பாலில் மெலமைன், குடுவையில் தங்கம்: நானோ சென்சாரைக் கல்லூரி லேபிலேயே செய்து பார்ப்பது எப்படி

பயோமெடிக்கல், பயோடெக், வேதியியல் என்று எந்தத் துறையில் படித்தாலும் நானோ அளவில் உணர்தல், படமெடுத்தல் பக்கம் போக நினைப்பவர்களுக்கு முதல் புராஜெக்ட்டாகத் தங்க நானோதுகள்தான் சரி. விலை உயர்ந்த கருவி இல்லாமல் செய்யலாம், முடிவைக் கண்ணாலேயே பார்க்கலாம். மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் கர்ப்பப் பரிசோதனை அட்டைகள் பலவற்றில் தெரியும் சிவப்புக் கோடும் இதே தங்கம்தான்.

இங்கே செய்யப்போவது, பாலில் மெலமைன் என்ற வேதிப்பொருள் கலந்திருந்தால் சிவப்பிலிருந்து நீலமாகும் தங்கக் கரைசல். ஆனால் தங்கம் சிவப்பிலிருந்து நீலமாவது ரொம்பச் சுலபம். உப்பு, ஆசிட், அழுக்கு பிப்பெட் என்று எதைப் போட்டாலும் மாறும். நீங்கள் தேடிய பொருளால்தான் மாறியது என்று காட்டுவதற்குத்தான் உழைப்பு வேண்டும். கீழே உள்ள குறிப்புகளில் பாதி அதற்காகவே எழுதப்பட்டவை.

எண்ணூர் தண்ணீரை ஏன் எடுக்கக் கூடாது

வடசென்னைக் கல்லூரிகளில் புராஜெக்ட் என்றதும் முதலில் வரும் யோசனை, எண்ணூர் கழிமுகத்துத் தண்ணீரில் ஈயமோ பாதரசமோ இருக்கிறதா என்று தங்கத்தை வைத்துப் பார்க்கலாம் என்பது. நோக்கம் நல்லது. தங்கம் ஒத்துழைக்காது. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. 900 மைக்ரோலிட்டர் தங்கக் கரைசலில் 100 மைக்ரோலிட்டர் கடல்நீர் விட்டாலே சோடியம் குளோரைடு 50 மில்லிமோலாரை (மோலார், மில்லிமோலார், நானோமோலார் எல்லாம் கரைசலின் செறிவைச் சொல்லும் அலகுகள்) தொட்டுவிடும். கூடவே மக்னீசியமும் வரும். சிட்ரேட் பூசிய சாதாரணத் தங்கம் அந்த அளவு உப்பிலேயே நீலமாகிவிடும், உலோக நச்சு ஒரு துளி இல்லாவிட்டாலும். கழிமுகத்தில் உப்பின் அளவு ஏற்றவற்றத்துக்கு ஏற்ப மாறுவதால், காலையில் எடுத்த மாதிரியும் மாலையில் எடுத்ததும் வேறு வேறு முடிவைத் தரும். அந்த வேலையைத் துகளின் மேற்பரப்பை உப்புக்குத் தாங்குகிற மாதிரி மாற்றக் கற்றுக்கொண்ட பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

மெலமைன் அப்படியல்ல. மூலக்கூறு சிறியது, சுத்தமான பொடியாக வாங்கலாம், தங்கத்தோடு எப்படி ஒட்டுகிறது என்பதும் நன்கு அறியப்பட்டது. 2008-இல் சீனாவில் கலப்படப் பால் பவுடரால் ஏறத்தாழ 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டு, 6 குழந்தைகள் இறந்ததற்குக் காரணம் இதுதான். எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன் என்பதால், நைட்ரஜனை அளந்து அதை 6.38-ஆல் பெருக்கிப் புரதம் என்று கணக்கிடும் கெல்டால் முறையை அது ஏமாற்றிவிடும். இந்தியாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. வைத்திருக்கும் வரம்பு: குழந்தைகளுக்கான பால் பவுடரில் கிலோவுக்கு 1 மில்லிகிராம், மற்ற உணவுகளில் 2.5 மில்லிகிராம். உங்கள் சென்சார் இந்த 2.5-ஐப் பார்க்குமா என்பதுதான் கேள்வி. கடையில் வாங்கும் பாக்கெட் பாலில் மெலமைன் இருக்கும் என்று எதிர்பார்த்து இதைச் செய்வதில்லை. நாமே அளந்து கலந்து, அதைத் திரும்பக் கண்டுபிடிக்க முடிகிறதா என்று பார்க்கிறோம்.

வாங்க வேண்டியவை

குளோரோ ஆரிக் ஆசிட் ட்ரைஹைட்ரேட் (இனி ‘தங்க உப்பு’) 1 கிராம் பாட்டில், ட்ரைசோடியம் சிட்ரேட் டைஹைட்ரேட், மெலமைன், ட்ரைகுளோரோ அசிட்டிக் ஆசிட், சோடியம் ஹைட்ராக்சைடு, சோடியம் குளோரைடு, யூரியா. கண்ணாடிச் சாமான், ஃபில்டர் பேப்பர், பீக்கர் எல்லாம் பாரிமுனைப் பக்கம் நைனியப்ப நாயக்கன் தெருவில் பார்க்கலாம். தங்க உப்பை மட்டும் கல்லூரி மூலமாக, லாட் எண்ணோடு, பெயர் தெரிந்த கம்பெனியிடம் வாங்குங்கள்.

சவுகார்பேட்டை பக்கத்தில் இருக்கிறதே, நகைத் தங்கத்தை ஆசிட்டில் கரைத்து நாமே செய்துகொள்ளலாமே என்று தோன்றும். 916 தங்கத்தில் 8.4 சதவீதம் வேறு உலோகங்கள். வெள்ளி குளோரைடாகி அடியில் படிந்தாலும் செம்பு கரைசலிலேயே நிற்கும். 24 காரட்டாகவே இருந்தாலும், மிஞ்சிய நைட்ரிக் ஆசிட்டை ஹைட்ரோகுளோரிக் விட்டு விட்டுக் காய்ச்சி ஓட்ட வேண்டும். பழுப்புப் புகை வரும். நல்ல ஃப்யூம் ஹூட் இல்லாத லேபில் அதைத் தொடவே வேண்டாம்.

பாட்டிலைப் பிரித்து ஒவ்வொரு பேட்ச்சுக்கும் (ஒரு தடவை காய்ச்சுவதற்கு) வேண்டிய 39.4 மில்லிகிராமை எடை போடுவது தப்பான பழக்கம். இந்த உப்பு ஈரத்தை உறிஞ்சும். சென்னைக் காற்றில் தராசுத் தட்டிலேயே கசிய ஆரம்பித்துவிடும், எடை ஏறிக்கொண்டே போகும். அதைவிட, பாட்டிலில் உள்ள 1 கிராமையும் ஒரே தடவையில் 50.8 மில்லி தூய நீரில் கரைத்துவிடுங்கள். 50 மில்லிமோலார் ஸ்டாக் (எடுத்து எடுத்து நீர்த்துப் பயன்படுத்தும் மூலக் கரைசல்) கிடைக்கும். பழுப்புக் கண்ணாடி பாட்டில், பாராஃபில்ம், ஃப்ரிட்ஜின் கீழ்த் தட்டு. உலோக ஸ்பாட்டுலா படவே கூடாது: ஸ்டீலில் பட்டதும் தங்கம் அங்கேயே படிய ஆரம்பிக்கும். இந்த ஒரு பாட்டிலில் 100 மில்லி பேட்ச் 25 செய்யலாம்.

தண்ணீரில்தான் பலருடைய வேலை கெடுகிறது. கேன் தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர், பேட்டரிக்கு விற்கும் டிஸ்டில்ட் வாட்டர் எதுவும் வேண்டாம். மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறியிருப்பது ஊருக்கே தெரிந்த விஷயம். வடசென்னையில் லேபுக்கு வரும் போர் தண்ணீரை நம்பிக் கழுவினால், கடைசி அலசல் உப்பாகக் கண்ணாடியில் காய்ந்து நிற்கும். 18.2 மெகாஓம் தண்ணீர் தரும் மில்லி-க்யூ (தண்ணீரை மிகத் தூய்மையாக்கும் கருவி) இருந்தால் அதுவே. இல்லையென்றால் கண்ணாடிக் கருவியில் இரண்டு முறை வடித்த நீர், அன்றே வடித்தது.

தங்கம் காய்ச்சுதல்

முறை பழையது. தங்கத்தைக் கரைசலில் சிவப்பாக நிறுத்தி, அதன் நிறத்துக்கும் துகளின் நுண்மைக்கும் தொடர்பு உண்டு என்று 1857-இல் எழுதியவர் மைக்கேல் ஃபாரடே. சிட்ரேட்டால் காய்ச்சும் வழியை டர்கெவிச்சும் கூட்டாளிகளும் 1951-இல் தந்தார்கள். சிட்ரேட்டைக் கூட்டிக் குறைத்துத் துகளின் அளவை மாற்றலாம் என்று ஃப்ரென்ஸ் 1973-இல் காட்டினார். இங்கே செய்வது 13 நானோமீட்டர் துகள்.

முதல் வேலை கழுவுதல். 250 மில்லி ஆர்.பி. (உருண்டை அடி) ஃபிளாஸ்க், கலக்குவதற்கான மேக்னட்டிக் பீட், ஆவியைக் குளிர்வித்துத் திரும்ப இறக்கும் கண்டென்சர், அளவு ஜாடி நான்கையும் ராஜதிராவகத்தில் நனைக்க வேண்டும்: மூன்று பங்கு ஹைட்ரோகுளோரிக், ஒரு பங்கு நைட்ரிக். ஃப்யூம் ஹூட், பாதுகாப்பு மூக்குக்கண்ணாடி, கையுறை கட்டாயம். அசிட்டோன் பட்ட கண்ணாடியில் ஊற்றாதீர்கள். மிச்சத்தை மூடி போட்ட பாட்டிலில் வைக்காதீர்கள், வாயு அழுத்தத்தில் பாட்டில் வெடிக்கும். 10 நிமிடம் போதும். பிறகு தூய நீரால் நிறைய அலசல். ராஜதிராவகம் வேண்டாம் என்று லேப் பொறுப்பாளர் சொன்னால், இதற்கென்றே புது ஃபிளாஸ்க்கும் பீட்டும் ஒதுக்கி வைத்துக்கொள்வது அடுத்த வழி. பீட்டில் போன பேட்ச்சின் ஊதாக் கறை தெரிந்தால் அது தயாராகவில்லை என்று அர்த்தம்.

98 மில்லி தூய நீரும் 2 மில்லி தங்க ஸ்டாக்கும் ஃபிளாஸ்க்கில். இது 1 மில்லிமோலார், வெளிர் மஞ்சள். கண்டென்சரில் தண்ணீர் ஓட்டி, வேகமாகக் கலக்கியபடி கொதிக்க விடுங்கள். ஓரங்களில் முத்து முத்தாகக் குமிழி வருவது கொதி அல்ல. முழுதாகத் தளதளவென்று கொதித்து ஆவி கண்டென்சரில் சொட்ட ஆரம்பித்த பிறகு இன்னும் 5 நிமிடம் காத்திருங்கள்.

இதற்கிடையே 114 மில்லிகிராம் ட்ரைசோடியம் சிட்ரேட்டை 10 மில்லி நீரில் கரைத்து வையுங்கள் (38.8 மில்லிமோலார்). அன்றன்றைக்குக் கரைக்க வேண்டும். சிட்ரேட் கரைசலில் பூஞ்சை சுலபமாகப் பிடிக்கும், அதுவும் நம் ஊர்ச் சூட்டில். பாட்டிலின் அடியில் பஞ்சு போல ஒன்று மிதந்தால் கொட்டிவிடுங்கள்.

இந்த 10 மில்லியையும் ஒரே மூச்சில் ஊற்ற வேண்டும். சொட்டுச் சொட்டாக விட்டால் துகள்கள் ஒரே நேரத்தில் பிறக்காது. பெரிதும் சிறிதுமாக வரும். ஊற்றியதும் மஞ்சள் மறையும், கொஞ்ச நேரம் நிறமே இருக்காது, பிறகு கருநீலம் கலந்த சாம்பல், ஊதா, கடைசியில் ஒயின் சிவப்பு. எல்லாம் சில நிமிடங்களில். சிவப்பு வந்துவிட்டதே என்று அடுப்பை அணைக்காதீர்கள். இன்னும் 15 நிமிடம் கொதிக்கட்டும். பிறகு சூட்டை நிறுத்தி, கலக்குவதை மட்டும் நிறுத்தாமல் அறை வெப்பத்துக்கு ஆற விடுங்கள்.

கெட்டுப் போகிற விதங்கள்: மஞ்சள் மாறவே இல்லையென்றால், கொதி வரவில்லை அல்லது பாட்டிலில் இருப்பது ட்ரைசோடியம் சிட்ரேட் அல்ல. லேபிளை மறுபடி படியுங்கள். சிட்ரிக் ஆசிட்டையோ மோனோசோடியத்தையோ எடுத்தால் பிஎச் கீழே போய் வேறு கதையாகிவிடும். ஊதாவிலேயே நின்றுவிட்டால் பெரும்பாலும் சூடு போதாது. மாலையில் வோல்டேஜ் இறங்கும்போது ஹாட் பிளேட் கொதியைத் தக்கவைக்காது, காலையில் செய்யுங்கள். ஃபிளாஸ்க் சுவரில் தங்க முலாம் பளபளத்தால் கண்ணாடி அழுக்கு. கறுப்புத் தூள் அடியில் விழுந்தால் தண்ணீரில் உப்பு. சிட்ரேட் ஊற்றுவதற்கு முன்னால் கரன்ட் போனால் மறுபடி கொதிக்க வைத்துத் தொடரலாம். ஊற்றிய பின் போனால் அந்த பேட்ச்சைத் தங்கக் கழிவு பாட்டிலில் சேர்த்துவிடுங்கள், சிவப்பாகத் தெரிந்தாலும் சரி.

அளந்து பார்த்தல்

நேரடியாகக் குவெட்டில் (ஒளியை ஊடுருவவிடும் சிறு அளவுக் குப்பி) ஊற்றினால் உறிஞ்சல் (கரைசல் ஒளியை எவ்வளவு விழுங்குகிறது என்ற எண்) 3-க்கு மேல் போய்விடும், ஸ்பெக்ட்ரோமீட்டர் சொல்வதை நம்ப முடியாது. ஒரு பங்கு தங்கத்துக்கு மூன்று பங்கு தூய நீர் சேர்த்து 400 முதல் 800 நானோமீட்டர் வரை ஓட்டுங்கள். உச்சி 518–520-இல் இருக்க வேண்டும், உயரம் 0.9 அருகே. 650-இல் கோடு ஏறத்தாழத் தரையைத் தொட வேண்டும். அங்கே வால் நீண்டிருந்தால் கொஞ்சம் ஏற்கனவே திரண்டுவிட்டது. உச்சியின் உறிஞ்சலை 450-இல் உள்ள உறிஞ்சலால் வகுத்தால் 1.6 பக்கம் வந்தால் 13 நானோமீட்டர்தான் என்று டிஇஎம் (எலக்ட்ரான் நுண்ணோக்கி) இல்லாமலேயே ஓரளவு சொல்லலாம்.

துகள் எத்தனை இருக்கிறது? 13 நானோமீட்டர் உருண்டையின் கன அளவு ஏறத்தாழ 1,150 கன நானோமீட்டர். ஒரு கன நானோமீட்டரில் 59 தங்க அணுக்கள், ஆக ஒரு துகளில் சுமார் 68,000. தங்கத்தின் செறிவு 110 மில்லியில் 0.91 மில்லிமோலார். வகுத்தால் துகள் 13 நானோமோலார். நீர்த்த பிறகு 3.4 நானோமோலார். உங்கள் அறிக்கையில் இந்த எண் இல்லாமல் ‘தங்கக் கரைசல்’ என்று மட்டும் எழுதினால் வேறு யாரும் உங்கள் முடிவை மறுபடி செய்து பார்க்க முடியாது.

பழுப்பு பாட்டிலில், ஃப்ரிட்ஜில், மாதக்கணக்கில் நிற்கும். ஃப்ரீசரில் வைத்தால் ஒரே இரவில் முடிந்தது. உறைந்து திரண்டது திரும்பப் பிரியாது.

உப்புச் சோதனை முதலில்

மெலமைன் பாட்டிலைத் திறப்பதற்கு முன்பு இதைச் செய்துவிடுங்கள். நீர்த்த தங்கம் 900 மைக்ரோலிட்டர், அதோடு சோடியம் குளோரைடு 100 மைக்ரோலிட்டர். இறுதிச் செறிவு 0, 10, 20, 30, 40, 50, 60, 80 மில்லிமோலார் வருகிற மாதிரி எட்டுக் குழாய்கள். 10 நிமிடம் கழித்து 650-இல் உள்ள உறிஞ்சலை 520-இல் உள்ளதால் வகுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த விகிதம்தான் இனி உங்கள் அளவுகோல். எந்த உப்பளவில் அது சட்டென்று ஏறுகிறதோ அதுவே உங்கள் தங்கத்தின் தாங்கும் எல்லை. பொதுவாக 50 மில்லிமோலாருக்கு அக்கம்பக்கம்.

காரணம் இதுதான்: சிட்ரேட்டின் எதிர்மின் சுமையால் துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கின்றன. உப்பு அந்தத் தள்ளலை மறைத்துவிடும். துகள்கள் ஒட்டும் தூரத்துக்கு வந்தால் அவற்றின் எலக்ட்ரான் அலைகள் ஒன்றோடொன்று இணைந்து, உறிஞ்சும் ஒளி 520-இலிருந்து சிவப்புப் பக்கம் நகரும். கரைசல் நீலமாகத் தெரியும். மெலமைன் வேறு வழியில் வந்து அதே இடத்தில் சேர்கிறது. அதன் நைட்ரஜன்கள் தங்கத்தைப் பற்றிக்கொண்டு சிட்ரேட்டை ஒதுக்கி, துகளுக்குத் துகள் பாலம் போடும். கண்ணுக்கு இரண்டும் ஒரே நீலம்.

இங்கே பயோமெடிக்கல் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. கை பழகிவிட்டது என்பதற்காக பிபிஎஸ் பஃபரில் எதையும் கரைக்காதீர்கள். அதில் சோடியம் குளோரைடே 137 மில்லிமோலார்.

தண்ணீரில் மெலமைன்

10.0 மில்லிகிராம் மெலமைனை 100 மில்லி வெதுவெதுப்பான தூய நீரில் கரைத்தால் லிட்டருக்கு 100 மில்லிகிராம் ஸ்டாக். அதிலிருந்து 0.5, 1, 2, 4, 8, 16 மில்லிகிராம்/லிட்டர். நீர்த்த தங்கம் 900, ஸ்டாண்டர்டு 100 மைக்ரோலிட்டர். குழாய்க்குள் பத்தில் ஒரு பங்காகிவிடும். தங்கம் முதலில், மாதிரி பிறகு, இரண்டு முறை கவிழ்த்துக் கலக்கி, 10 நிமிடம் சரியாகக் கழித்து அளக்கவும். திரளுதல் நேரத்தோடு ஓடிக்கொண்டே இருக்கும். முதல் குழாய்க்கும் கடைசிக் குழாய்க்கும் இடையே வித்தியாசம் வராமல் இருக்க, ஒரு நிமிட இடைவெளியில் ஒவ்வொன்றாகத் தொடங்கி அதே இடைவெளியில் அளந்துகொண்டு போங்கள். ஏ.சி. இல்லாத லேபில் மே மாத மதியமும் டிசம்பர் காலையும் ஒரே வளைவைத் தராது. ஒவ்வொரு நாளும் ஸ்டாண்டர்டை மாதிரிகளோடு சேர்த்தே ஓட்ட வேண்டும்.

வரும் கோடு நேர்கோடாக இருக்காது. ஆரம்பத்தில் படுத்துக்கிடந்து, நடுவில் செங்குத்தாக ஏறி, மேலே தட்டையாகும். நடுப் பகுதியை மட்டும் பயன்படுத்துங்கள். கண்டறியும் எல்லைக்கு மெலமைன் இல்லாத பிளாங்க்கைப் பத்துத் தனிக் குழாய்களில் செய்து, அவற்றின் திட்ட விலக்கத்தை மூன்றால் பெருக்கி, அந்த நடுப் பகுதிக் கோட்டின் சரிவால் வகுக்கவும். ஒரே குழாயைப் பத்து முறை அளந்தால் கிடைப்பது கருவியின் இரைச்சல் மட்டுமே; எல்லை பொய்யாக அழகாக வரும்.

பாலுக்குள் இறங்கும்போது

தண்ணீரில் அருமையாக வேலை செய்தது பாலில் படுத்துவிடும். பாலில் புரதம் இருக்கிறது, அது துகளைப் போர்த்திவிடும். போர்த்திய தங்கத்தை மெலமைன் எட்டாது, நிறம் மாறாது. கால்சியம் இருக்கிறது, லிட்டருக்கு ஏறத்தாழ 1.2 கிராம், அதாவது 30 மில்லிமோலார். இரட்டைச் சுமை கொண்ட அயனி என்பதால் சோடியத்தைவிட மிகக் குறைந்த அளவிலேயே தங்கத்தைத் திரட்டிவிடும். ஒன்று ‘இல்லை’ என்று பொய் சொல்லும், மற்றது ‘இருக்கிறது’ என்று பொய் சொல்லும்.

புரதத்தை எடுக்க வழக்கமான வழி: 5 மில்லி பாலில் லிட்டருக்கு 300 கிராம் வலுவுள்ள ட்ரைகுளோரோ அசிட்டிக் ஆசிட் 1.5 மில்லி. தோலில் பட்டால் வெள்ளையாகப் பொசுக்கும், கவனம். குலுக்கி, 10 நிமிடம் சோனிகேட்டரில் (ஒலியலையால் அதிரவைக்கும் கருவி) வைத்து, சென்ட்ரிஃப்யூஜில் 12,000 ஆர்.பி.எம்.மில் 10 நிமிடம் சுற்றி, மேல் தெளிவை 0.22 மைக்ரான் ஃபில்டரில் இறக்கி, சோடியம் ஹைட்ராக்சைடால் பிஎச் 7-க்குக் கொண்டுவர வேண்டும்.

இதை அப்படியே பின்பற்றினால் என்ன ஆகும் என்று காகிதத்தில் போட்டுப் பாருங்கள். ஆசிட் 0.45 கிராம், அதாவது 2.75 மில்லிமோல். நடுநிலையாக்கிய பின் 7 மில்லி என்று வைத்தால், சோடியம் ட்ரைகுளோரோ அசிட்டேட் ஏறத்தாழ 0.4 மோலார். பத்தில் ஒரு பங்காகத் தங்கத்தில் விட்டால் 40 மில்லிமோலார். உங்கள் உப்பு எல்லைக்கு மிக அருகில், கால்சியம் இல்லாமலேயே. சரி, பத்து மடங்கு நீர்த்துவிடலாம் என்றால், 2.5 மில்லிகிராம் மெலமைன் இருந்த பால் குழாய்க்குள் வரும்போது 0.018 மில்லிகிராம்/லிட்டர். உங்கள் ஸ்டாண்டர்டில் மிகக் குறைந்ததே 0.05. கலப்படப் பால் சிவப்பாகவே நிற்கும், நீங்களும் ‘நல்ல பால்’ என்று எழுதிவிடுவீர்கள்.

வழி, ஆசிட்டைக் குறைப்பது. 1.5 மில்லிக்குப் பதில் 1.2, 1.0, 0.8, 0.5 என்று இறக்கிக்கொண்டே போய், சுற்றிய பின் மேல் தெளிவு கலங்காமல் வருகிற குறைந்தபட்ச அளவைப் பிடியுங்கள். 0.5 மில்லியே போதுமானால், நடுநிலையாக்கிய பின் உப்பு 0.16 மோலார் அளவுக்கு இறங்கும். மூன்று மடங்கு மட்டும் நீர்த்துப் பத்தில் ஒரு பங்காக விட்டால், குழாயில் அந்த உப்பு 5 மில்லிமோலார், கால்சியம் 1 மில்லிமோலாருக்குக் கீழே, 2.5 மில்லிகிராம் பாலுக்கு மெலமைன் 0.07. எல்லைக்கு உள்ளே வந்துவிட்டது, மயிரிழையில். மெலமைன் இல்லாத பால் இதே நீர்ப்பில் சிவப்பாக நிற்கிறதா என்பதை உங்கள் தங்கத்திலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிஎச் 7-க்கு ஏற்றும்போது தெளிந்த நீர் திடீரென்று மறுபடி வெண்மையாகும். பயப்பட வேண்டாம், அது கால்சியம் பாஸ்பேட். இன்னொரு முறை சுற்றி எடுத்துவிட்டால் கால்சியத்தில் ஒரு பகுதியும் கழன்றுவிடும், நமக்கு லாபம். கலங்கலோடு அளந்தால் ஒளிச் சிதறல் 650-இல் ஏறி, நீலமே இல்லாமல் விகிதம் கூடிவிடும்.

இனி காப்புச் சோதனைகள். இவை இல்லாத முடிவை எந்தப் பேராசிரியரும் ஏற்கக் கூடாது. மெலமைன் சேர்க்காத பாலின் சாறு (சுத்திகரித்து எடுத்த தெளிவு) தங்கத்தில் சிவப்பாகவே நிற்க வேண்டும். பாலே இல்லாமல் தண்ணீரை இதே ஆசிட், இதே ஹைட்ராக்சைடு வழியாகக் கொண்டுவந்ததும் சிவப்பாக நிற்க வேண்டும். யூரியா சேர்த்த பால் மாறக் கூடாது. பலர் விட்டுவிடுவது கடைசிச் சோதனையைத்தான்: மெலமைன் இல்லாத சாற்றைத் தங்கத்தில் விட்டு 10 நிமிடம் கழித்து, 100 மில்லிமோலார் வரும்படி சோடியம் குளோரைடு சேருங்கள். நீலமானால் நல்லது. அவ்வளவு உப்பிலும் சிவப்பாக நின்றால், மிச்சப் புரதம் தங்கத்தைப் போர்த்திவிட்டது. அந்தச் சாற்றில் மெலமைன் இருந்தாலும் உங்கள் சென்சாருக்குத் தெரியாது. ஆசிட்டைக் கொஞ்சம் ஏற்றுங்கள்.

காலிப்ரேஷன் கோட்டையும் தண்ணீரில் போட்டதை வைத்துப் பாலைப் படிக்காதீர்கள். சுத்தமான பாலில் மெலமைனைக் கலந்து, முழுச் சுத்திகரிப்பு வழியாகவும் கொண்டுவந்து கோடு போடுங்கள். சுத்திகரித்த பிறகு அதே அளவு கலந்த ஒன்றையும் வைத்துக்கொண்டால், எவ்வளவு மெலமைன் வண்டலோடு போய்விட்டது என்பதும் தெரியும். இத்தனைக்குப் பிறகும் இது முதல்கட்டச் சல்லடைதான். சட்டப்படி செல்லுபடியாகும் எண்ணை எல்.சி.-எம்.எஸ். போன்ற கருவிதான் தரும்.

செல்போனால் அளப்பது

ஸ்பெக்ட்ரோமீட்டர் கிடைக்காத நாளுக்கு ஷூ டப்பா போதும். உள்ளே கறுப்புத் தாள், பின்சுவரில் வெள்ளை எல்.இ.டி., அதன் முன்னால் ஒளியைப் பரப்ப பால் வெள்ளை அக்ரிலிக், நடுவில் குவெட், எதிரே போன். எல்.இ.டி.யைப் பவர் பேங்க்கில் ஓட்டுங்கள்; வீட்டுக் கரன்ட் அடாப்டர்களில் சில மினுக்கும், படத்தில் பட்டை பட்டையாக விழும். எக்ஸ்போஷர், ஐ.எஸ்.ஓ., வெள்ளைச் சமநிலை மூன்றையும் பூட்டாமல் எடுத்தால் ‘படத்தை அழகாக்குகிறேன்’ என்று போன் உங்கள் நீலத்தைத் திருத்திவிடும். ரா வடிவில் சேமியுங்கள். படத்தை அளக்கும் மென்பொருளான இமேஜ்-ஜே இலவசம், குவெட்டின் நடுவில் ஒரே அளவுச் சதுரம் போட்டுச் சிவப்புச் சேனலின் சராசரியை எடுக்கவும். தண்ணீரின் மதிப்பை மாதிரியின் மதிப்பால் வகுத்து லாக் எடுத்தால் சிவப்பு ஒளியின் உறிஞ்சல். பச்சைச் சேனலுக்கும் அதே. இரண்டின் விகிதம் ஸ்பெக்ட்ரோமீட்டரின் விகிதத்தோடு சேர்ந்து ஏறுகிறதா என்று குறைந்தது ஒரு முறையாவது ஒப்பிட்டுவிடுங்கள்.

துகளைக் கண்ணால் காண

13 நானோமீட்டர் துகளைச் சாதாரண மைக்ரோஸ்கோப்பில் பார்க்க முடியாது. சிதறும் ஒளி விட்டத்தின் ஆறாம் அடுக்கைப் பொறுத்தது: 52 நானோமீட்டர் துகள் இதைவிட 4,096 மடங்கு ஒளிரும். எனவே படத்துக்கென்று தனியாகப் பெரிய துகள் காய்ச்சுங்கள். 50 மில்லி 0.01 சதவீதத் தங்க உப்பைக் கொதிக்க வைத்து, 1 சதவீத சிட்ரேட் 0.5 மில்லி மட்டும். சுமார் 40 நானோமீட்டர் வரும், அளவுகள் கொஞ்சம் சிதறலாக.

கல்லூரி மைக்ரோஸ்கோப்பை டார்க்-ஃபீல்டாக (கறுப்புப் பின்னணியில் சிதறும் ஒளியை மட்டும் காட்டும் முறை) மாற்ற ஒரு கறுப்பு வட்டம் போதும். 40 எக்ஸ் லென்ஸின் துளை எண் (எவ்வளவு அகலக் கோணத்து ஒளியை வாங்கும் என்பது) 0.65, ஸ்லைடுக்குக் கீழே ஒளியைக் குவிக்கும் கண்டென்சரின் எண் 1.25 என்றால், வட்டம் கண்டென்சர் வாயின் விட்டத்தில் 52 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே: 30 மில்லிமீட்டர் வாய்க்கு 17–18 மில்லிமீட்டர். ஃபில்டர் தட்டில் நடுவாக வைத்து, ஐரிஸை முழுக்கத் திறந்து, கண்டென்சரை மேலே ஏற்றுங்கள். பின்னணி கறுக்கவில்லையென்றால் வட்டம் நடுவில் இல்லை. எல்லாமே மின்னினால் ஸ்லைடு அழுக்கு. தூசி, கைரேகை, கீறல் எல்லாம் தங்கத்தைவிடப் பலமாக ஜொலிக்கும். தனித் துகள்கள் பச்சைப் புள்ளிகளாக, நிற்காமல் துள்ளிக்கொண்டிருக்கும். மெலமைன் விட்ட பிறகு மஞ்சளும் ஆரஞ்சுமாகக் கொத்துகள் தெரியும். ஒளி நுண்ணோக்கியின் எல்லைக்குக் கீழே இருப்பதை அதன் சிதறலால் கண்டுகொள்ளும் இந்த யோசனையை அல்ட்ரா மைக்ரோஸ்கோப்பாக்கியவர் சிக்மாண்டி. 1925-ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் அவருக்குப் போனது.

அளவை உறுதி செய்ய டிஇஎம் வேண்டும். அதற்குக் கிண்டிப் பக்கம்தான்: ஐ.ஐ.டி. மெட்ராஸின் சைஃப் (பொதுப் பகுப்பாய்வுக் கருவி மையம்) போல வெளி மாணவர்களுக்கும் கட்டணத்தில் அளந்து தரும் இடங்கள். எந்தக் கருவி ஓடுகிறது, முன்பதிவுக்கு எத்தனை நாள் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் மாறாமல் கிண்டியில் இறங்கலாம். கண்ணாடிக் குப்பியை நிமிர்த்தியே கொண்டுபோங்கள், ஐஸ் கட்டியோடு ஒட்டி வைக்காதீர்கள். போவதற்கு முன் 1 மில்லியை 13,000 ஆர்.பி.எம்.மில் 30 நிமிடம் சுற்றி, மேல் நீரை எடுத்துவிட்டுத் தூய நீரில் மறுபடி கலக்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கிரிட்டில் (டிஇஎம்முக்கு மாதிரியைத் தாங்கும் சிறு வலைத்தட்டு) சிட்ரேட் படிகம் படமாகத் தெரியும். கார்பன் பூசிய செம்பு கிரிட்டில் 5 மைக்ரோலிட்டர், 2 நிமிடம் கழித்து ஃபில்டர் பேப்பர் ஓரத்தால் உறிஞ்சல். குறைந்தது 200 துகள்களை அளந்து சராசரியும் விலக்கமும் தரவும். ஒரு எச்சரிக்கை: துளி காயும்போதே துகள்கள் கூடிவிடும். டிஇஎம் படத்தில் கொத்து தெரிகிறது என்பதால் கரைசலிலும் திரண்டிருந்தது என்று எழுதக் கூடாது. அதற்குச் சாட்சி ஸ்பெக்ட்ரம்தான்.

கழிவு

பயன்படுத்திய தங்கத்தையெல்லாம் ஒரே பாட்டிலில் சேருங்கள். கொஞ்சம் உப்புப் போட்டால் திரண்டு அடியில் படியும், மேல் நீரை ரசாயனக் கழிவில் சேர்த்துவிட்டுத் தங்கத்தை வைத்துக்கொள்ளலாம். ஒரு பேட்ச்சில் 19.7 மில்லிகிராம் தங்கம், கல்லூரிக்குக் கணக்குக் காட்ட உதவும். ராஜதிராவகத்தை முதலில் நிறைய தண்ணீரில் மெதுவாக ஊற்றி நீர்த்து, சோடியம் பைகார்பனேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு நுரை அடங்கும் வரை நடுநிலையாக்கி, பிஎச் தாளில் பார்த்த பிறகுதான் கழிவுக் கேனில் ஊற்ற வேண்டும். மெலமைன் கலந்த பால் மிச்சத்திலும் ஆசிட் விட்டு, ‘குடிக்கக் கூடாது’ என்று பெரிதாக எழுதி, கேன்டீன் ஃப்ரிட்ஜ் இருக்கும் திசைக்கே போகாமல் லேபிலேயே முடித்துவிடுங்கள்.